16 பைட் நோடு ஏன் 32 பைட் தள்ளி நிக்குது?

கேள்வி: சி மொழில எழுதுன லிங்க்ட் லிஸ்ட் நோடுல ஒரு இன்ட் (முழு எண்), அடுத்த நோடோட அட்ரஸை வச்சிருக்குற ஒரு நெக்ஸ்ட் பாயின்டர், அவ்ளோதான். 4 + 8 = 12 தானே வரணும், சைஸ்ஆஃப் 16னு காட்டுது. மேலாக் (மெமரி கேட்டு வாங்குற ஃபங்ஷன்) பண்ணி அட்ரஸ் பிரின்ட் பண்ணா ஒவ்வொரு நோடும் 32 தள்ளி நிக்குது. கம்பைலர் தப்பா?

பதில்: கம்பைலர் மேல பழி போடாதீங்க! 64 பிட் மெஷின்ல பாயின்டர் 8ஆல வகுபடுற அட்ரஸ்லதான் உக்காரும், அதனால இன்ட்டுக்கு அப்புறம் 4 பைட் சும்மா காலியா கிடக்கும், அதுதான் பேடிங், ஆக மொத்தம் 16. நெக்ஸ்ட்டை மேல தூக்கி போட்டாலும் 16தான், கடைசில பேடிங் வந்துரும்.

32 கதை வேற. லினக்ஸ்ல இருக்குற ஜிலிப்சிங்கிற சி லைப்ரரியோட மேலாக் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாடி தன் கணக்குக்கு 8 பைட் வச்சுக்கும், அப்புறம் 16இன் மடங்கா ரவுண்ட் பண்ணும், 16 + 8 = 24, அது 32 ஆயிடும். பேக்டு (பேடிங் வேணாம்னு கம்பைலருக்கு சொல்றது) போட்டு 12 ஆக்குறேன்னு சில பேர் கிளம்புவாங்க, வேஸ்ட், அப்பவும் 32தான் போகும்.

இதனால வேகமும் அடி வாங்கும். 64 பைட் கேஷ் லைன்ல (சிபியு மெமரில இருந்து ஒரே தடவைல இழுக்குற துண்டு) அரேன்னா 16 இன்ட் வரும், உங்க லிஸ்ட்ல ரெண்டே ரெண்டு. அதுக்கு பதிலா ஒரே நோடுல 4 இன்ட் வைங்க, 16 + 8 = 24 பைட், மேலாக் அதுக்கும் அதே 32தான் எடுக்கும்.