மாடியில் ஒரு கூடு, செடியில் ஒரு கூடு: எதை விடலாம், எதற்கு ஆள் கூப்பிடலாம்?

கேள்வி: எங்கள் வீடு திருச்சி புறநகரில். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு தொங்குகிறது. எலுமிச்சைச் செடியில் உள்ளங்கை அளவில் இன்னொன்று. கரண்ட் மீட்டர் பெட்டி ஓரத்தில் சிறு குழாய் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது, அதிலிருந்து பொடிப்பொடியாகக் கறுப்புப் பூச்சிகள் வருகின்றன. போதாக்குறைக்கு மூங்கில் பந்தலைக் கருவண்டு ஓட்டை போடுகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ராத்திரியில் தீப்பந்தம் காட்டிக் கொளுத்திவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?

பதில்: தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். சூடு பட்டுக் கலைந்த தேனீ இருட்டில் வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். அந்த நேரத்தில் வெளிச்சம் இருப்பது உங்கள் வீட்டு ஜன்னலில். நீங்கள் சொன்ன நான்கில் கவலைப்பட வேண்டியது ஒன்றுதான், தொட்டிக்கு அடியில் இருப்பது. பறக்கிற பூச்சியை வைத்து இனம் கண்டுபிடிப்பது கஷ்டம். கூடு எங்கே இருக்கிறது, எத்தனை அடை என்று தள்ளி நின்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

திறந்த இடத்தில், உயரத்தில், ஒரே பெரிய அடையாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. அடை ஒரு மீட்டருக்கு மேல்கூட விரியும். ஒரு கூட்டில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். குளவி ஏதாவது பக்கத்தில் பறந்தால், அடையை மூடியிருக்கும் தேனீக்கள் வரிசை வரிசையாக வயிற்றைத் தூக்கி ஆட்டும், கூட்டின் மேல் ஓர் அலை ஓடி மறையும். பார்க்க அழகுதான், ஆனால் கூட்டம் உஷாராக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மாடியில் யாரும் இருக்கக் கூடாது.

சும்மா விட்டால் மலைத்தேனீயும் சும்மா இருக்கும். பருந்து மோதுவது, பிள்ளைகள் கல் எறிவது, புகை, தீபாவளி ராக்கெட், இவைதான் வம்பு. அது இடம் மாறி வாழும் இனம். சுற்றுவட்டாரத்தில் பூ குறைந்ததும் தானாகவே கிளம்பிவிடும். அதுவரை மாடிக் கதவைப் பூட்டிவைக்க முடியுமானால் அதுவே போதும். தொட்டிப் பக்கத்து விளக்கை இரவில் அணைத்து வையுங்கள், இந்த இனம் ராத்திரியிலும் வெளிச்சத்துக்கு வரும். போன பிறகு சுவரில் ஒட்டிய மெழுகைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு அந்த இடத்துக்கு வலை அடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் அதே இடத்துக்கு வந்து உட்காரும்.

தொட்டிக்கு அடிக்கடி ஆள் ஏறியே ஆக வேண்டும் என்றாலோ, பிள்ளைகள் போய்வரும் வழியில் கூடு இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்கு (101 அல்லது 112) சொல்லுங்கள், அல்லது தேன் எடுத்துப் பழகியவரைக் கூப்பிடுங்கள். பூச்சிமருந்து அடிக்கிற வேலையே வேண்டாம். தேன் பாழாகும், சாகாதவை கொட்டும்.

எலுமிச்சையில் இருப்பது கொம்புத்தேனீ. கிளையைச் சுற்றிக் கட்டிய ஒற்றைச் சிறு அடை, மேலே புடைத்திருக்கும் பகுதியில்தான் தேன். கூட்டுக்கு இரண்டு பக்கமும் கிளையைக் கவனியுங்கள், பளபளவென்று பிசின் வளையம் பூசியிருக்கும். எறும்பு வந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். கிளையை உலுக்காதவரை இது பெரும்பாலும் கொட்டாது. ரொம்பத் தொந்தரவு செய்தால் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும். எலுமிச்சை காய்க்க இதைவிட நல்ல உதவியாள் கிடைக்காது, அப்படியே விடுங்கள்.

மீட்டர் பெட்டிக்குள் குடியிருப்பது கொசுத்தேனீ. நாலு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கொட்டும் திறனே இல்லை. மிரண்டால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். அந்தக் குழாய் மெழுகும் பிசினும் குழைத்துக் கட்டிய வாசல். அதன் விளிம்பில் காவல் தேனீக்களின் தலைகள் வட்டமாகத் தெரியும். இங்கே பிரச்சினை தேனீயால் வருவதல்ல, மின்சாரத்தால் வருவது. பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். மின்வாரிய ஆளை வைத்து இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழகியவர் ஒருவர் கூட்டை மண்பானைக்கோ மரப்பெட்டிக்கோ மாற்றலாம். பழைய வாசல் குழாயைப் பிய்த்துப் புதுப்பெட்டி வாயில் ஒட்டினால், வெளியே போனவை அதைக் கண்டு உள்ளே வரும். இருட்டும்வரை பெட்டி பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கருவண்டு என்று நீங்கள் சொல்வதும் தேனீதான், தச்சுத்தேனீ. உளுத்த மரத்தையோ காய்ந்த மூங்கிலையோ துளைத்து முட்டையிடும். கீழே மரத்தூள் கொட்டியிருப்பதே சாட்சி. முகத்துக்கு நேராக வந்து மிரட்டுவது ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பந்தல் மூங்கிலுக்கு வார்னிஷ் அடித்து, நுனிகளை அடைத்துவிடுங்கள். நாலு பழைய மூங்கில் துண்டுகளை வேலியோரம் போட்டால் அங்கே போய்க் குடியேறும். துவரை, பாஷன் ஃப்ரூட் வைத்திருப்பவர்கள் இதை விரட்டவே கூடாது.

நீங்கள் கேட்காத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சுவர்ப் பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டினால் அது அடுக்குத்தேனீ, மார்த்தாண்டம் பக்கத்தில் பெட்டிகளில் வளர்ப்பது. அதைப் பெட்டிக்கு மாற்றி நீங்களே வளர்க்கலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பயிற்சி உண்டு. அடையே இல்லாமல் கிளையில் திடீரென்று கொத்தாகத் தேனீ தொங்கினால், அது வீடு தேடிப் போகும் கூட்டம். பெரும்பாலும் ஓரிரு நாளில் பறந்துவிடும். ரோஜா இலையில் வட்டமாக வெட்டு விழுந்தால் இலைவெட்டித் தேனீ, இலையைத் தின்பதில்லை, கூட்டுக்கு மெத்தை போடுகிறது. மருந்து அடிக்காதீர்கள்.

தென்னையிலோ பனையிலோ காகிதம் போன்ற பழுப்பு உருண்டை தெரிந்தால் அது தேனீயே அல்ல, கதண்டு என்கிற பெரிய குளவி. அதை மட்டும் ஒரு நாளும் விட்டுவைக்க வேண்டாம், உடனே 101.

யாரையாவது கொட்டிவிட்டால் முதலில் அந்த இடத்தைவிட்டு ஓடி வீட்டுக்குள் போகவேண்டும். கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாசம் மற்றத் தேனீக்களையும் இழுக்கும். தேனீயின் கொடுக்கு தோலிலேயே நின்று விஷத்தை ஏற்றிக்கொண்டிருக்கும், அதனால் நகத்தாலோ வேறெதாலோ உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிடச் சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள், சுண்ணாம்பு தடவுவதெல்லாம் வேண்டாம். உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ 108. தொண்டையிலோ வாய்க்குள்ளோ கொட்டியிருந்தாலும், பல இடத்தில் கொட்டியிருந்தாலும், அறிகுறி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.