திடல் கேள்வி-பதில்: நீலச் சட்டை, மஞ்சள் பட்டை

எங்கள் தோட்டக் கால்பந்து அணிக்கு அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸ் கிளப் மாதிரியில் ஜெர்சி தைக்கிறோம். பட்டை படுக்கையா, சாய்வா என்று தையல் கடையில் கேட்கிறார்கள்.
— தோட்ட அணித் தலைவர், சுங்கை சிப்புட்

படுக்கை. சாய்த்துவிடாதீர்கள்! வெள்ளைச் சட்டையில் சாயும் சிவப்புப் பட்டை, பரம எதிரியான ரிவர் பிளேட்டின் அடையாளம். 1907இல் நீலம்-மஞ்சளுக்கு மாறியபோது போக்காவுக்கும் சாய்ந்த பட்டைதான், 1913இல் படுக்கையானது. துறைமுகத்துக்கு அடுத்து வரும் கப்பலின் கொடி நிறத்தையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்களாம். வந்தது ஸ்வீடன் கப்பல். புவெனஸ் ஐரிஸ் நகரின் துறைமுகப் பகுதியான லா போக்காவில், இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் 1905இல் தொடங்கிய கிளப் என்பதால் இந்தக் கதை பொருத்தமாகவே இருக்கிறது.

தைக்கும்போது பட்டையின் உயரத்தைக் கழுத்திலிருந்து அளக்க வேண்டாம். முன்கழுத்து பின்கழுத்தைவிட இறக்கம் என்பதால் பக்கத் தையலில் முன்பட்டையும் பின்பட்டையும் ஒட்டாமல் ஏறி இறங்கும். இரண்டு துண்டிலும் அக்குளிலிருந்து கீழே ஒரே அளவு வையுங்கள். முதுகு எண் மஞ்சளென்றால் பட்டைமேல் காணாமல் போகும்; நீல ஓரம் கட்டாயம். சின்னத்தில் கிளப் பெயரின் சுருக்கமான சி.ஏ.பி.ஜே. எழுத்துகளைச் சுற்றியுள்ள நட்சத்திரங்கள் பட்டங்களின் கணக்கு. அதைக் காப்பியடிப்பதைவிட உங்கள் தோட்டத்தின் பெயரைப் போடுவதே அழகு.

தென் அமெரிக்காவில் அதிகக் கோப்பை போக்காவுக்குத்தானே? மாமாக் கடையில் பந்தயம்.
— வாசகர், கோலக் கங்சார்

பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். தென் அமெரிக்கக் கிளப்புகளின் பெரிய போட்டியான லிபர்டடோரஸ் கோப்பையை 7 முறை வென்ற அர்ஜென்டினாவின் இன்டிபென்டியன்டே கிளப்தான் முதலிடம். போக்காவுக்கு 6: 1977, 1978, 2000, 2001, 2003, 2007. இவற்றில் 1977, 2000, 2001 மூன்றும் பெனால்டியில் வந்தவை. முதலாவதில் காப்பாற்றியவர் கோல்காவலர் ஹூகோ காட்டி, கடைசி இரண்டில் கொலம்பியாவின் ஆஸ்கர் கோர்டோபா. கார்லோஸ் பியாஞ்சி பயிற்சியில் இறுகிய தற்காப்போடு ஆட்டத்தை அதுவரை இழுத்துப்போவது அந்த அணிக்குக் கைவந்த கலை. 2007 அப்படியல்ல: பிரேசிலின் கிரெமியோவுக்கு எதிராக இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து 5-0, அதில் 3 கோல் ரிகெல்மே அடித்தது. என்னைக் கேட்டால் ஆறில் அதுதான் அழகு.

தோல்வியும் அதே எண்ணிக்கை. 12 இறுதிச் சுற்றுகளில் 6 கைநழுவின. 2018இல் மட்ரிட்டில் ரிவரிடம் 3-1 என்று தோற்றதுதான் இன்னும் ஆறாத புண்.

உலகக் கிளப் பட்டம் 3. டோக்கியோவில் 2000இல் ரியல் மட்ரிட்டை 2-1 வென்றபோது மார்ட்டின் பலேர்மோ முதல் 6 நிமிடத்திலேயே இரண்டையும் போட்டுவிட்டார். கிளப்பின் அதிகபட்ச கோலும் அவருடையதே: 236.

மரடோனா போக்காவில் எத்தனை பட்டம் வென்றார்?
— மாணவர், ஈப்போ

ஒன்றே ஒன்று, 1981 மெட்ரோபொலிடானோ லீக். அடுத்த ஆண்டே பார்சிலோனா போய்விட்டார். 1995இல் திரும்பி 1997இல் ஓய்ந்தார்.

போக்கா ஆட்டத்தை நேரலையில் பார்க்க நம் நேரம் என்ன?
— வாசகி, சுங்கை சிப்புட்

மலேசிய நேரத்துக்கு அர்ஜென்டினா நேரத்தோடு 11 மணி கூட்டுங்கள். அங்கே புதன் இரவு 9.30 என்றால் நமக்கு வியாழன் காலை 8.30. பலரும் தேதியைப் பார்த்துப் புதன் காலையே டிவியைப் போட்டு ஏமாறுவார்கள். மாலை 7 மணி ஆட்டம் நமக்குக் காலை 6. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்களுக்கு முதல் பாதிகூடக் கிடைக்காது.