ஒருமுறை அம்மை போட்டவருக்கு மறுபடி வருமா?

கேள்வி: ஆறு வயதில் எனக்குச் சின்னம்மை வந்தது. இப்போது பையனுக்குப் போட்டிருக்கிறது. மறுபடி வருமா டாக்டர்?

பதில்: பெரும்பாலும் வராது. ஒரு வயதுக்குள் லேசாக வந்துபோனவர்களுக்கும், எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் அரிதாக வரலாம். 'ரெண்டு தடவை வந்தது' என்றால், ஒருமுறை வந்தது கை-கால்-வாய் நோயா என்று பாருங்கள். அது உள்ளங்கை, பாதம், வாயில் வரும். சின்னம்மை மார்பு, முதுகு, முகத்தில் தொடங்கும். சிவப்புத் தடிப்பு, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கும். பையனுக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம்.

கேள்வி: எனக்கு ஐந்து மாதக் கர்ப்பம். அம்மை வந்ததே இல்லை. கொழுந்தனார் பையனுக்குப் போட்டிருக்கு.

பதில்: இன்றே உங்கள் டாக்டரிடம் போங்கம்மா. ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பை நேரடியாக உடலுக்குள் தரும்) ஊசி, பையனோடு பழகிய 10 நாட்களுக்குள். கர்ப்பத்தில் சின்னம்மைத் தடுப்பூசி கூடாது.

கேள்வி: மூணாம் தண்ணி ஊத்தியாச்சு. பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: தண்ணிக் கணக்கு போதாது. கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 62. வலது விலாவில் பட்டையாகக் கொப்புளம், ஒரே எரிச்சல். இது ரெண்டாவது அம்மையா?

பதில்: இல்லை, அக்கி. பழைய அம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, அந்த நரம்பு வழியே வெளியே வருகிறது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும்: வழக்கமாக அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் உடனே கண் டாக்டர்.

குறுக்கீடு: எங்கள் ஊரில் குயவர் காவியில் அக்கி எழுதுவார், காய்ந்துவிடும். மாத்திரை எதற்கு?

பதில்: காவி குளுமை தரும். ஆனால் எழுதாவிட்டாலும் கொப்புளம் 7 முதல் 10 நாளில் பொருக்காகும். நரம்புக்குள் பெருகும் கிருமியைக் காவி தொடாது.

குறுக்கீடு: பாட்டி காலத்தில் மாத்திரையா இருந்தது?

பதில்: இல்லை. கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் சேலை உரசினால்கூட எரியும் வலியைப் பொறுத்துக்கொண்டார்கள். வயது ஏற ஏற அந்த வலி தங்கிவிடும் வாய்ப்பு கூடும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் மாத்திரை தொடங்கிய பிறகு எழுதுங்கள். உடைந்த கொப்புளத்தில் பூசாதீர்கள், சீழ் பிடிக்கும்.

கேள்வி: எனக்கும் சின்ன வயசில் வந்தது, மறுபடி வருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அப்பாவின் அக்கி குழந்தைக்குத் தொற்றுமா?

பதில்: கொப்புள நீர் பட்டால் தொற்றும், வருவது அக்கியல்ல, சின்னம்மை. துணியால் மூடி வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன்.