எக்ஸ்-கதிரும் ரேடியோவும் பொருந்தவில்லையே, தப்பு எங்கே?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஏபெல் 3376 கேலக்ஸிக் கொத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்தின் மேல் ரேடியோ வரைகோடுகளை (ஒரே பிரகாசமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) போட்டுப் பார்த்தேன். எக்ஸ்-கதிர் நடுவில் வால்நட்சத்திரம் போல இருக்கிறது. ரேடியோவோ கிழக்கு, மேற்கு ஓரங்களில் இரண்டு வில்லாக நிற்கிறது. படங்களைத் தப்பாகப் பொருத்திவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தது நல்லது. முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-கதிர் மிகப் பிரகாசமாக இருக்கும் இடத்தையொட்டி ஒரு கேலக்ஸியும், அதிலிருந்து புறப்பட்டு வளைந்துபோகும் ரேடியோ தாரைகளும் தெரியும். ஒளிப்படத்தில் அந்தக் கேலக்ஸியின் நடுவும் ரேடியோவின் நடுவும் ஒன்றாக விழுந்தால் பொருத்தம் சரி. விழாவிட்டால் ஏதாவது பழைய படம் பி1950 ஆயத்தொலைவில் (1950-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட வான முகவரி முறை) இருக்கிறதா என்று பாருங்கள். அதை 2000-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட ஜெ2000 என்று நினைத்துப் போட்டால், வானத்தின் சில பகுதிகளில் முழுநிலவின் அகலத்துக்கும் மேலே தள்ளிப்போகும். நானும் ஒருமுறை இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

சரி, பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஏன் இப்படி?

இரண்டு படங்களும் காட்டுவது வேறு வேறு எலெக்ட்ரான்களை. எக்ஸ்-கதிர் வருவது நாலைந்து கோடி டிகிரியில் கொதிக்கும் வாயுவிலிருந்து. அதன் பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது: அடர்த்தி பத்தில் ஒன்றானால் பிரகாசம் நூற்றில் ஒன்று. அதனால்தான் ஓரத்தில் வாயு இருந்தும் படம் கருப்பாகிவிடுகிறது. ரேடியோ வருவதோ, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் காந்தப்புலத்தைச் சுற்றும் மிகச் சில எலெக்ட்ரான்களிடமிருந்து.

அவை எங்கிருந்து வந்தன? நடுவிலிருந்து வந்திருக்க முடியாது. இரண்டு வில்லுக்கும் இடையே சுமார் 60 லட்சம் ஒளியாண்டு. நொடிக்கு 2,000 கி.மீ. வேகத்தில் போனாலும் அதில் பாதித் தூரத்துக்கே 45 கோடி ஆண்டு பிடிக்கும். அந்த எலெக்ட்ரான்களோ 10 கோடி ஆண்டுவாக்கில் ஆற்றலை இழந்துவிடும். ஆக, நின்ற இடத்திலேயே எதுவோ அவற்றை முடுக்கியிருக்க வேண்டும். இரண்டு கொத்துகள் மோதியபோது கிளம்பி வெளியே ஓடும் அதிர்ச்சி அலைதான் அது. புனேயில் உள்ள ஐயூகா வானியல் ஆய்வு மையத்தின் ஜொய்தீப் பாக்சி குழு 2006-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த வில்களைப் பற்றி எழுதியது. மோதிய கொத்தில் இரண்டு படமும் பொருந்தாததுதான் பார்க்க வேண்டிய சேதியே.

ஒரு எச்சரிக்கை. வில்லைப் பார்த்ததும் 'அதிர்ச்சி அலை' என்று எழுதிவிடாதீர்கள். செத்துப்போன ரேடியோ கேலக்ஸியின் மிச்சமும் வில்போலத் தெரியலாம். எக்ஸ்-கதிரில் பிரகாசம் சட்டென்று விழும் விளிம்பு கிடைத்தால் வெப்பநிலையைப் பாருங்கள்: பிரகாசமான பக்கம் சூடாக இருந்தால் அதிர்ச்சி அலை, குளிர்ந்திருந்தால் வெறும் குளிர்முகப்பு, அதாவது நகரும் குளிர்ந்த வாயுத் திரளின் விளிம்பு. ஒரு சின்னக் கொத்து துப்பாக்கிக் குண்டு போல இன்னொன்றைத் துளைத்துப்போன புல்லட் கொத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. குண்டின் மூக்கு குளிர்முகப்பு, அதற்கு முன்னால் ஓடுவது அலை.

இதற்குச் சந்திரா எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் ஒற்றைப் படம் போதாது. அதன் ஏசிஸ்-ஐ கருவி ஒருதடவையில் பார்ப்பது 17 ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட் என்பது டிகிரியில் அறுபதில் ஒன்று) அகலம். உங்கள் வில்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே விழுந்துவிடும். இன்னொரு எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவிலிருந்து தொடங்குங்கள்.