ஆறு மாசுபட்டிருக்கிறதா என்று அறிய, நீரைச் சோதித்தால் போதாதா? கல்லூரி மாணவர்கள் ஏன் ஆற்றுப் பூச்சிகளை எண்ணுகிறார்கள்?

போதாது. பாட்டிலில் பிடித்த நீர் அந்த நிமிடத்தின் கதையை மட்டுமே சொல்லும். பகலில் பாசி ஆக்சிஜன் வெளியிடுவதால், மதியம் அளந்தால் அளவு நன்றாகவே இருக்கும்; விடியலுக்குச் சற்று முன்புதான் அது அடிமட்டத்துக்கு இறங்கும். அந்நேரத்தில் மீட்டரோடு நிற்பவர் யார்? நேற்றிரவு திறந்துவிட்ட கழிவும் இன்று காலைக்குள் ஓடிப்போயிருக்கும். மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் பூச்சிகளால் தப்ப முடியாது.

ஓடும் நீரில் ஒரு கல்லைப் புரட்டுங்கள். தட்டையான உடல், பெரும்பாலும் மூன்று வால், வயிற்றோரம் படபடக்கும் செவுள்கள்: அது மேஃபிளை என்ற பூச்சியின் நீரில் வாழும் இளம்பருவம். வால் இரண்டென்றால் ஸ்டோன்ஃபிளை என்ற இன்னொரு பூச்சியாக இருக்கலாம். இரண்டுமே பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்தால் தாங்காதவை. ரத்தச் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் சந்தேகப்படுங்கள். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் மூச்சுமுட்டும் சேற்றிலும் அவை பிழைக்கும்.

இப்படி ஆற்றுயிர்களை வைத்து நீரின் தரத்தை மதிப்பிட பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி (BMWP) முறையில் ஒவ்வோர் உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண்; மாசைத் தாங்காதவற்றுக்கே அதிகம். தட்டை மேஃபிளை குடும்பத்துக்கு 10, சிவப்புப் புழுக்களின் குடும்பத்துக்கு 2. வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து, காலால் அடிமண்ணை 3 நிமிடம் கிளறினால் மாதிரி தயார். (வெள்ளைத் தட்டில் பிரிப்பதுதான் இடுப்பை ஒடிக்கும் வேலை.) கழிவு கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் எடுங்கள், ஒப்பிட இன்னொன்று இல்லாத எண்ணை வைத்து ஆய்வேடு எழுத முடியாது.