ரவுண்டானாவா, சிக்னலா? சேலம் வாசகர்களின் கேள்விகள்

கொண்டலாம்பட்டி ரவுண்டானாவை நடந்து கடக்க வயிறு கலங்குகிறது. சிக்னல் வைத்தால் பாதுகாப்புதானே?

உங்கள் பயம் நியாயமானது. நான்கு ரோடு கூடும் சாதாரண சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அங்கே ஒற்றைத் தடமுள்ள சின்ன ரவுண்டானா போட்டால் அது 8 ஆகிவிடும். எல்லாரும் ஒரே திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோதல் அநேகமாக இருக்காது, வளைந்து போக வேண்டியிருப்பதால் வேகமும் குறையும். நடப்பவருக்கு வேகம்தான் எல்லாம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் இடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். 50ஐத் தாண்டிவிட்டால் அந்த நம்பிக்கை வேகமாகக் கரைகிறது.

ஆனால் இந்த நன்மை சின்ன ரவுண்டானாவுக்குத்தான். பல தடங்களோடு அகலமாக இருந்தால் வண்டிகள் வேகத்தைக் குறைப்பதில்லை, இடைவெளியும் கிடைப்பதில்லை. பார்வையற்றவருக்கு இன்னும் கஷ்டம். எந்த வண்டி சுற்றுகிறது, எது வெளியே வருகிறது என்று சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நடப்பவர்களுக்கென்று தனிப் பச்சை உள்ள சிக்னலே மேல் என்பேன். அதுவரை வட்டத்தின் ஓரத்தில் கடக்காதீர்கள். கொஞ்சம் தள்ளிப் போய், நடுத்திட்டில் நின்று, இரண்டு தவணையாகக் கடங்கள். நடு வட்டத்துக்குள் மட்டும் போகவே வேண்டாம்.

அம்மாவுக்கு 70 வயது. பாதி ரோட்டிலேயே பச்சை அணைந்துவிடுகிறது.

அம்மா மெதுவாக நடப்பது தப்பில்லை, கணக்குதான் அவருக்குப் பொருந்தவில்லை. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்தே பொதுவாக நேரம் ஒதுக்குவார்கள். 12 மீட்டர் ரோட்டுக்கு 10 நொடி. அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 15 நொடி வேண்டும். ரோட்டின் அகலத்தையும் பச்சை எரியும் நொடிகளையும் நீங்களே அளந்து, மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் மனுவில் எழுதுங்கள். எண்ணோடு போகும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். அப்புறம், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையை நம்பி அம்மா இறங்க வேண்டாம். அடுத்த பச்சை விழுந்ததும் கிளம்பட்டும்.

ரவுண்டானாவில் நேராகப் போக நான்கு இண்டிகேட்டரும் போடலாமா?

கூடாது. அது பழுதாகி நிற்கும் வண்டிக்கானது. நான்கும் மின்னினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று மற்றவருக்குத் தெரியாது. வெளியேற வேண்டிய ரோட்டுக்கு முந்தைய ரோட்டைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போடுங்கள், போதும். உள்ளே நுழையும்போது, ஏற்கெனவே சுற்றி வரும் வண்டிக்கு, அதாவது உங்கள் வலப்பக்கம் வருவதற்கு, வழி விட வேண்டும். பெரிய வண்டி மூக்கை நுழைத்துவிட்டால் முன்னுரிமை அதற்கு என்ற பழக்கம் நம் ஊரில் ஊறிவிட்டது. என்னால் அதை ஏற்கவே முடியவில்லை.

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் சீசனில் நெரிசல். சிக்னல் வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். சீசன் முடிந்த பிறகு வெறும் ரோட்டில் சிவப்புக்குக் காத்து நிற்பீர்கள். மின்சாரம் போனாலும் ரவுண்டானா வேலை செய்யும். சுற்றிலும் வண்டி நிறுத்தாமல் தடுத்து, ஒவ்வொரு ரோட்டிலும் வரிக்கோடு போட்டால் நடப்பவருக்கும் நல்லது.

மலைப்பாதையில் யார் வழி விட வேண்டும்?

குறுகலான இடத்தில் இறங்குபவர்தான். ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம், பின்னால் உருளவும் கூடும். சேலம்-ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.