பாடுறது ஆண் மட்டும்தானா?

சார் வணக்கம். மக பிரசவத்துக்காக நார்த் கரோலினா வந்து நாலு மாசமாச்சு. பின்பக்கம் ஃபீடர்ல சூரியகாந்தி விதை தின்ன தினமும் ஒரு சிவப்புக் குருவி வரும், கார்டினல்னு மருமகன் சொன்னார். கூடவே தவிட்டுக் கலர்ல ஒண்ணு, அது பொட்டை. நேத்து காலைல பாடினது அந்தப் பொட்டைதான், அலகு அசையறதைக் கண்ணால பாத்தேன். மருமகன் சிரிக்கிறார். "ஆண் பறவைதான் பாடும் அத்தை, நம்ம ஊர் குயிலே அப்படித்தானே"ங்கிறார். யார் சொல்றது சரி? அப்புறம் அந்தச் சிவப்பு எந்நேரமும் கார் சைடு மிரரைக் கொத்திக்கிட்டே இருக்கு, என்ன பண்றது?
- எஸ்.

எஸ். அம்மா,

நீங்க பாத்ததுதான் சரி. குயில் விஷயத்துல மருமகன் சொல்றதும் சரி, கூவுறது அந்தக் கருப்பு ஆண்தான், ஆனா அதை வச்சு எல்லாப் பறவையையும் எடை போட்டுட்டார். அவரை மட்டும் குத்தம் சொல்லி என்ன, விஞ்ஞானிகளே ரொம்ப நாளா அப்படித்தான் இருந்தாங்க. பேரையே பாருங்களேன், கத்தோலிக்க கர்தினால்களோட சிவப்பு அங்கியப் பாத்து வச்சது, அதாவது பேரு வைக்கும்போதே ஆணோட சட்டைய மட்டும்தான் பாத்திருக்காங்க. பறவைப் பாட்டு ஆராய்ச்சி பெரும்பாலும் நடந்தது ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவுலயும், அங்க நிறைய இனத்துல பொட்டை அவ்வளவா பாடாது, அதையே உலகத்துக்கெல்லாம் விதியாக்கிட்டாங்க. 2014ல உலகம் பூரா இருக்கிற பாடும் பறவைகளோட தகவலைத் திரட்டிப் பாத்தா 71 சதவீத இனத்துல பொட்டையும் பாடுது!

கார்டினல் மேல ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசைன்னா அதோட தொண்டைதான், தொண்டைன்னு சொல்றதே தப்பு, நமக்குத்தான் குரல்வளை கழுத்துல, பறவைக்கு அது நெஞ்சுக்குள்ள, மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியுற இடத்துல இருக்கு, இடது வலதுன்னு ரெண்டு பக்கமும் தனித்தனியா சத்தம் எழுப்பும். உச்சில ஆரம்பிச்சு கீழ வழுக்கிட்டு வர்ற மாதிரி "ச்சியூ... ச்சியூ"ன்னு ஒரு சத்தம் கேட்டிருப்பீங்க. இண்டியானா யுனிவர்சிட்டில ராடரிக் சதர்ஸ் குழு அளந்து பாத்தப்போ, சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் சுருதிக்கு மேல உள்ள சத்தம் வலது பக்கத்துல இருந்து வருது, அதுக்குக் கீழ இடது பக்கம். ஒரே ஸ்வரத்துக்கு நடுவுலயே கை மாறுது, நம்ம காதுக்கு ஒட்டுப் போட்டதே தெரியாது. ரெட்டை நாயனத்துல ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் எடுக்கிறாரே, அது மாதிரி, ஆனா ரெண்டு பேரும் ஒரே நெஞ்சுக்குள்ள.

பொட்டைக்கு வருவோம். குஞ்சுகளுக்குப் பாட்டு பிறவியிலயே வர்றதில்ல, கேட்டுத்தான் கத்துக்கணும். அயாகோ யமகுச்சிங்கிற ஆராய்ச்சியாளர் 2001ல நேச்சர்ங்கிற விஞ்ஞானப் பத்திரிகைல எழுதினது என்னன்னா, ஆண் கத்துக்கிற அதே எண்ணிக்கைப் பாட்டைப் பொட்டை மூணுல ஒரு பங்கு நேரத்துல கத்துக்குது. இத மருமகனுக்குப் படிச்சுக் காட்டுங்க. அடைகாக்கும்போது கூட்டுல உக்காந்தபடியே பாடவும் செய்யும். ஆபத்தான வேலைதான், பூனைக்கும் பாம்புக்கும் இங்க இருக்கேன்னு கூப்பிட்டுச் சொல்ற மாதிரி. ஆனாலும் பாடுது. சில்வியா ஹால்கின் 1997ல எழுதின ஆய்வுப்படி, அந்தப் பாட்டும் பதில் பாட்டும் ஆண் இப்ப கூட்டுக்கு வரணுமா வேணாமான்னு ரெண்டும் பேசி வச்சுக்கிற ஏற்பாடா இருக்கலாம். வீட்டுக்குள்ள இருந்து குரல் குடுத்தா சாமானோட வர்றதா வாசல்லயே நிக்கிறதான்னு புருஷனுக்குப் புரியுமே, அப்படி.

இதுல ஒரு விசித்திரமும் உண்டு. இலினாய்ஸ் மாநிலம் ராக் ஐலண்ட்ல 2008 கடைசில இருந்து 2010 மார்ச் வரைக்கும் ஒரு கார்டினல் ஃபீடருக்கு வந்துட்டிருந்துச்சு, நேர்கோடு கிழிச்ச மாதிரி ஒரு பாதி சிவப்பு, மறுபாதி தவிட்டு நிறம். பாதி ஆண் பாதி பெண். 40 நாளுக்கு மேல கவனிச்சிருக்காங்க, அது பாடிக் கேக்கல, ஜோடியும் சேரல.

மிரர் விஷயம். கண்ணாடில தெரியுறது எல்லைக்குள்ள புகுந்த இன்னொரு ஆண்னு நினைச்சு அடிக்குது, முட்டையிடுற சீசன் போனா தானா அடங்கும். அதுவரைக்கும் கார் நிக்கும்போது மிரர் மேல பழைய சாக்ஸோ பிளாஸ்டிக் பையோ மாட்டி வைங்க. வீட்டு ஜன்னல்னா உள்ள திரைய இழுத்துவிட்டா போதாது, வெளிப்பக்கமா மறைக்கணும். பொட்டையும் சில சமயம் இப்படிக் கொத்தும், அதையும் மருமகன்கிட்ட சொல்லிடுங்க.